ராணியின் மேல் ஒரு விரல்

பிப்ரவரி 9

என் அருமை டாக்டரம்மாவுக்கு,

போன் அடித்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய். சரி, தபால்காரர் நீட்டினால் வாங்கித்தானே ஆக வேண்டும்? அதனால்தான் பேனாவை எடுத்தேன். உன் கிளினிக்கில் போன் எடுக்கும் பெண் வேறு, "டாக்டர் பேஷன்ட்டோட இருக்காங்க" என்று ஒப்பிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கூடவா ஊரே வாயைத் திறந்துகொண்டு உன் நாற்காலியில் சாய்ந்திருக்கிறது? பொய் சொல்லச் சொல்வதுதான் சொல்கிறாய், கொஞ்சம் நம்பும்படி சொல்லச் சொல்லக் கூடாதா?

உன் அண்ணனிடம் புலம்பினால், "நாத்தனாரும் அண்ணியும் போடுற சண்டையில என்னை இழுக்காதீங்க" என்று காது மெஷினைக் கழற்றி மேஜையில் வைத்துவிடுகிறார். கழற்றிவிட்டால் அவருக்குப் பிரச்சினை தீர்ந்தது.

நான் அப்படி என்னதான் செய்துவிட்டேன்? பிரிட்ஜ் போட்டியின் இறுதிச் சுற்றில் கடைசி ஆட்டம். நீ ஆடுகிறாய், நான் டம்மி. என் சீட்டையெல்லாம் மேஜைமேல் விரித்து வைத்துவிட்டு, நீ சொன்னதை எடுத்துப் போட்டுக்கொண்டு, வாயைப் பொத்தி உட்கார வேண்டியவள். உன் கையில் மூன்றே சீட்டு. ஆர்ட்டின் ராணி, ஆர்ட்டின் நாலு, ஒரு துருப்பு. மூன்று பிடியும் நமக்கு வந்தால் கோப்பை. எதிர் ஜோடியில் இருந்த தொப்பிக்காரர் ஆர்ட்டின் இறக்கினார். நீ என் பக்கத்து ஏஸைப் போடச் சொன்னாய், போட்டேன். அவர் ஜோடியும் ஒரு சின்ன ஆர்ட்டினைப் போட்டுவிட்டார். பிடி நமக்குத்தான். இனி நீ உன் நாலைத் தள்ளிவிட வேண்டும், ராணி அடுத்த பிடிக்கு நிற்கும், வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

விழுந்தது ராணி. நீ சட்டென்று அதன்மேல் விரலை வைத்துத் திரும்ப எடுக்கப் போனாய். தொப்பிக்காரர் நடுவரைக் கூப்பிட்டார். நீ, "விரலை எடுக்கவே இல்ல, சீட்டு இன்னும் என்கிட்டதான் இருக்கு" என்றாய். நடுவர் என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்கம்மா, சீட்டு மேஜையில பட்டுதா?" என்று கேட்டார்.

பட்டது என்றேன். பட்டதைப் பார்த்தேன், பட்டது என்றேன். அவ்வளவுதானே?

கோப்பை போனால் போகிறது. அதை வைக்க என் வீட்டில் இடமும் இல்லை. நீ ஏன் பேசாமல் ரயிலேறிப் போனாய்? அதை மட்டும் சொல்.

உன் அண்ணி

*

பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. தட்டச்சு செய்து அனுப்புகிறேன் என்று தவறாக நினைக்க வேண்டாம். கிளினிக்கில் இதுதான் இப்போது வழக்கம்.

நீங்கள் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. "நான் கவனிக்கலை" என்று சொல்லியிருக்கலாம். டம்மியாக இருப்பவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் யாரும் குற்றம் சொல்லப் போவதில்லை. பாதிப் பேர் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் நீங்கள் தெளிவாக, கணீரென்று, பக்கத்து நான்கு மேஜைக்கும் கேட்கும்படி "பட்டது" என்றீர்கள்.

சீட்டிலிருந்து விரலை எடுத்தால்தான் ஆட்டம், அதுவரை திரும்ப எடுத்துக்கொள்ளலாம். நம் வீட்டில் எத்தனை வருடம் அப்படி ஆடினோம். அந்த ஹாலில் அது தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான். நான் விரலை எடுக்கவில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். நடுவரிடம் அதையாவது சேர்த்துச் சொன்னீர்களா? இல்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள்.

எதிரே உட்கார்ந்திருப்பது என் ஆள் என்ற தைரியத்தில்தான் இத்தனை காலம் ஆடினேன். அந்தத் தைரியம் போய்விட்டது. செப்டம்பர் போட்டிக்கு நீங்கள் வேறு ஜோடி பார்த்துக்கொள்ளுங்கள். இதில் கோபம் எதுவும் இல்லை.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்

*

பிப்ரவரி 27

இப்படிக்கு உங்கள் நாத்தனாருக்கு,

கடிதமா அது? வக்கீல் நோட்டீஸ்! கோர்ட்டில் சுருக்கெழுத்து எழுதியே தலை நரைத்தவள் நான், எத்தனையோ நோட்டீஸ் பார்த்திருக்கிறேன். அதில்கூட ஓரத்தில் ஒரு கையெழுத்தாவது பேனாவில் இருக்கும். நீ அதையும் டைப் அடித்திருக்கிறாய். கோபம் எதுவும் இல்லையாம். கேட்டுக்கொள்ளுங்கள் மக்களே!

எனக்கும் கோபம் வரும், தெரிந்துகொள். வேறு ஜோடியா? புடவைக்கு ரவிக்கைத் துணியா, கடைக்குப் போய்ப் பார்த்து எடுத்துக்கொள்ள?

கல்யாணம் ஆகி உங்கள் வீட்டுக்கு வந்த மறுநாள் சாயங்காலம் மாமா என்னிடம் கேட்ட முதல் கேள்வி என்ன, ஞாபகம் இருக்கிறதா? "சீட்டு ஆடத் தெரியுமாம்மா?" சமைக்கத் தெரியுமா, பாடத் தெரியுமா எதுவும் இல்லை. தெரியாது மாமா என்றேன். "பரவாயில்ல, உட்காரும்மா. நாலாவது நாற்காலி ரொம்ப நாளா காலியா இருக்கு" என்றார். அத்தை போன பிறகு அந்த நாற்காலியில் யாரும் உட்காரவில்லை என்று நீதான் பிறகு சொன்னாய். பள்ளிக்கூடச் சீருடையைக்கூட மாற்றாமல் எதிரே உட்கார்ந்து, நான் தப்பாகப் போடப் போகும்போதெல்லாம் மேஜைக்கு அடியில் என் காலை மிதிப்பாய். மாமா சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே, "யாரோ என் மருமகளுக்குத் தந்தி அடிக்கிறாங்க" என்பார். உன் அண்ணன் சிரித்துச் சிரித்துத் தன் சீட்டையெல்லாம் எனக்குக் காட்டிவிடுவார். ஒரு கால் ஆடும் அந்த மேஜை, அதற்குக் கீழே மடித்து வைத்த செய்தித்தாள், ஜன்னலுக்கு வெளியே மழை. எனக்கு அந்த வீட்டில் பயம் போனது சமையலறையில் இல்லை, அந்த மேஜையில்தான்.

முதல் போட்டிக்குப் போனபோது ஹால் வாசலில் என் கையைப் பிடித்து, "அண்ணி, இங்க நம்ம வீட்டுச் சட்டமெல்லாம் செல்லாது, கீழே பட்டா பட்டதுதான்" என்று சொன்னது யார்? நீதானே? அன்றைக்கு நீ சொன்னதைத்தான் நான் நடுவரிடம் சொன்னேன். அதற்கு இவ்வளவு ரோஷமா?

பேனாவில் எழுது. நாலு திட்டு திட்டினாலும் பேனாவில் திட்டு.

அண்ணி

*

மார்ச் 14

அண்ணி,

மன்னிக்கவும், இதுவும் டைப்தான்.

உங்கள் கடிதத்தைக் கிளினிக்கில் உட்கார்ந்து படித்தேன். இப்போது எனக்கு நேரம் நிறைய இருக்கிறது. கூட வேலை செய்யும் டாக்டரே எல்லோரையும் பார்த்துக்கொள்கிறார். நான் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து யோசனை சொல்வதோடு சரி. வயதாகிறது அல்லவா.

தந்தி அடித்ததை மறக்கவில்லை. ஆனால் நீங்கள் ஒன்றை மறந்துவிட்டீர்கள், அல்லது மறந்தது போல் இருக்கிறீர்கள். விரலை எடுத்தால்தான் ஆட்டம் என்ற சட்டம் யார் கொண்டு வந்தது?

அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்த வருடம். டீயைப் பாதி தம்ளர்தான் ஊற்றுவோம். ஒருநாள் ஒரு சீட்டைப் போடப் போய் வேறொன்று நழுவி விழுந்தது. அண்ணன் விளையாட்டாக, "விழுந்தது விழுந்ததுதான்ப்பா, எடுக்கக் கூடாது" என்றான். அவன் வேண்டுமென்று சொல்லவில்லை. அப்பா ஆட்டத்தை முடித்துவிட்டு எழுந்து போனார். அதன் பிறகு மேஜைக்கே வரவில்லை. தலைவலி என்றார், கண் வலி என்றார். நாங்கள் இரண்டு பேரும் என்ன செய்வது என்று தெரியாமல் முழித்தோம்.

நீங்கள்தான் ஒரு சாயங்காலம் சீட்டுக்கட்டை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போய், "மாமா, எங்க வீட்டுல விரலை எடுத்தாத்தான் ஆட்டம். இங்க மட்டும் ஏன் இப்படி அவசரப்படுறீங்க? எனக்கு யோசிக்கவே நேரம் இல்ல" என்றீர்கள். சீட்டையே தொடாத வீட்டிலிருந்து வந்தவர்! நான் கதவருகே நின்றுகொண்டிருந்தேன். அப்பாவுக்குத் தெரியாதா என்ன? "சம்பந்தி வீட்டு வழக்கம்னா மறுக்க முடியுமா" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார். கடைசி வரைக்கும் ஆடினார்.

அப்பாவுக்காக அவ்வளவு அழகாகப் பொய் சொன்ன வாய் அண்ணி அது. எனக்காக ஒரு தடவை சும்மா இருந்திருக்கக் கூடாதா? அதுதான் எனக்கு ஆறவில்லை. கோப்பையும் இல்லை, தொப்பிக்காரரும் இல்லை.

எப்படியும் எனக்கு ஆட்டம் விட்டுப் போய்விட்டது. சீட்டுக்கட்டைப் பார்த்தாலே வெறுப்பாக இருக்கிறது. செப்டம்பருக்கு நான் யாருடனும் ஆடப் போவதில்லை.

நா.

*

மார்ச் 19

என் கண்ணே,

உன் கடிதம் வந்ததும் இரண்டு தடவை படித்தேன். பிறகு சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, அந்தக் கடைசி ஆட்டத்தை அப்படியே விரித்து வைத்தேன். உன் அண்ணன், "தோத்த ஆட்டத்தை எதுக்குத் தோண்டுற?" என்றார். "காதைக் கழட்டிட்டுப் போங்க" என்றேன்.

உன் நாற்காலிப் பக்கம் போய் நான் உட்கார்ந்தேன். மூன்று சீட்டைக் கையில் வைத்துக்கொண்டேன். மேஜையில் நம் ஏஸ் கிடக்கிறது. அதன்மேல் நம் ராணியை எவளாவது போடுவாளா? நேற்று ஆட வந்தவள்கூடப் போட மாட்டாள். கை மாறி எடுத்துவிட்டாய் என்று எல்லோரும் நினைத்தார்கள், நானும் நினைத்தேன். ஆனால் நீ அப்படி ஆளா? போடப் போகும் சீட்டை முன்னாலேயே வலது ஓரத்துக்குத் தள்ளி, பாதி உருவி வைத்திருப்பாய். கிளினிக் தட்டில் குறடும் ஊசியும் அடுக்கி வைப்பது போல. எனக்கு எதிரே இருந்து பார்த்துப் பழக்கம். அன்றைக்கும் நாலு உன் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பாதி வெளியே வந்திருந்தது. நான் பார்த்தேன். அப்புறம் பார்த்தால் நாலு அங்கேயே இருக்கிறது, ராணி மேஜையில் கிடக்கிறது, நீ இன்னொரு கை விரலால் அதை அழுத்திப் பிடித்திருக்கிறாய். விரல் நுனி வெளுத்துப் போகும் அளவுக்கு அழுத்தம்.

விரலை எடுக்கவில்லை, எடுக்கவில்லை என்று இரண்டு கடிதமாகச் சொல்கிறாயே, அதையே திரும்பத் திரும்ப யோசித்தேன். அந்தச் சட்டம் நம் நாலு பேருக்கும் பொது. ஆனால் யார் சீட்டின்மேல் விரலை வைத்து அழுத்தினார்கள்? நானா? உன் அண்ணனா? நீயா? ஒருநாளும் இல்லை. போட்டோம், கையை எடுத்தோம். மாமா ஒருத்தர்தான் அழுத்துவார். சீட்டைப் பிடிப்பதற்கு இல்லை, கையை நிறுத்துவதற்கு.

டைப் அடித்த கடிதம். பேஷன்ட்டைப் பார்க்காத டாக்டர். எக்ஸ்ரேயைப் பார்த்து யோசனை.

நூலகத்திலிருந்து ஆட்டச் சட்டப் புத்தகத்தை எடுத்து வந்து பார்த்தேன். ஆடுகிறவர் கையிலிருந்து சீட்டு தானாகத் தவறி விழுந்தால் அது ஆடிய சீட்டு ஆகாது, திரும்ப எடுத்துக்கொள்ளலாம். எனக்கு அது தெரியாது. உனக்குத் தெரியும். என்னைவிட அந்தப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவள் நீ. "கை தவறி விழுந்துடுச்சு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ராணி உன் கைக்கே வந்திருக்கும், கோப்பையும் வந்திருக்கும். நீ சொல்லவில்லை. தோற்றாலும் பரவாயில்லை என்று வாயை மூடிக்கொண்டாய்.

நடுவர் பட்டதா என்று கேட்டார். விழுந்ததா, போட்டாளா என்று கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. எதிரேயே உட்கார்ந்திருந்தேனே, என் புத்தியை என்ன சொல்ல!

உன் கை நடுங்குகிறதா? டாக்டரைப் பார்த்தாயா? ஒளிக்காமல் எழுது. எனக்கு அழுகை வருகிறது, இதற்குமேல் எழுத முடியவில்லை.

அண்ணி

*

ஏப்ரல் 2

அண்ணி,

இது என் கையெழுத்துதான். கோழிக் கிறுக்கல் என்று சிரிக்காதீர்கள். இந்தப் பக்கத்தை எழுத மத்தியானம் முழுக்க ஆகிவிட்டது.

ஆமாம். அப்பாவுக்கு வந்ததேதான். போட்டிக்கு முன்னாலேயே டாக்டர் சொல்லிவிட்டார். மாத்திரை சாப்பிடுகிறேன். சில நாள் நன்றாக இருக்கிறது, சில நாள் சட்டைப் பொத்தான் போட ஒரு யுகம் ஆகிறது.

அந்த ஹாலை நினைத்துப் பாருங்கள். போட்டிக்கு வந்தவர்களில் பாதிப் பேர் எங்கள் ஊர், என் பேஷன்ட். தொப்பிக்காரருக்கு இரண்டு கடைவாய்ப் பல் நான்தான் கட்டினேன். அடுத்த மேஜை அம்மாவுக்கு அந்த வாரம்தான் வேர் சிகிச்சைக்கு நாள் கொடுத்திருந்தேன். "கை நடுங்கி விழுந்துடுச்சு" என்று அங்கே சொன்னால், அப்புறம் யார் என் முன்னால் வாயைத் திறப்பார்கள்? அவர்கள் பயப்படுவதும் நியாயம்தான். ஊர் திரும்பிய திங்கட்கிழமையிலிருந்து நான் ஊசியைத் தொடவில்லை, அதை மட்டும் நம்புங்கள். ஆனால் அதை நானே ஒரு நாள், என் வாயால், என் கிளினிக்கில் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். சீட்டு மேஜையில் தொப்பிக்காரர் கையைத் தூக்கி, நடுவர் வந்து விசாரித்து வெளியே வர வேண்டாம் என்று இருந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் "பட்டது" என்றபோது எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. அப்பாடா என்று இருந்தது. விசாரணை அத்தோடு முடிந்ததே. கோபம் ரயிலில்தான் வந்தது. யார்மேல் கோபப்படுவது? இந்தக் கைமேல் கோபப்பட்டு என்ன பிரயோஜனம்? நீங்கள்தான் கைக்கு எட்டினீர்கள்.

அப்பா ஏன் அன்றைக்குத் தலைவலி என்று பொய் சொல்லி அறையில் உட்கார்ந்திருந்தார் என்று இப்போது தெரிகிறது. ஆடத் தெரிந்த ஆளுக்கு, தெரியாத ஆள் மாதிரி சீட்டு விழுவது பொறுக்க முடியாது.

அண்ணனிடம் சொல்லாதீர்கள். கத்துவான்.

*

ஏப்ரல் 8

கண்ணே,

நான் சொல்லவில்லை. வாசலில் தபாலை வாங்கியது அவர். உறைமேல் எழுத்தைப் பார்த்ததுமே, "இது யார் எழுதினது?" என்றார். அப்பா எழுத்து மாதிரி இருக்கிறது என்று நினைத்தாராம். என் கையிலிருந்து பிடுங்கிப் படித்தார். கத்தவில்லை. பரணில் ஏறினார். இந்த வயதில் ஏணி எதற்கு, இறங்குங்கள் என்று நான் கீழே நின்று கத்தினேன், காதில் மெஷின் இல்லை. தூசியும் ஒட்டடையுமாக இறங்கி வந்து ஒரு மரக்கட்டையை மேஜையில் வைத்தார். மாமாவுக்குக் கையில் சீட்டுப் பிடிக்க முடியாமல் போனபோது, சீட்டுகளை நிறுத்தி வைக்க நடுவில் பள்ளம் வெட்டி இவரே செய்து கொடுத்தாரே, அந்தக் கட்டை. வீடு மாறும்போது எதை எதையோ விட்டுவிட்டு வந்தோம், இதை எடுத்து வந்திருக்கிறார், என்னிடம்கூடச் சொல்லவில்லை. இரண்டு நாளாக உப்புத்தாள் வைத்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். வீடெல்லாம் மரத்தூள். அடுத்த வீட்டுக்காரர் வந்து, "என்ன சார், கட்டில் செய்யறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்த அடுத்த வீட்டுக்காரர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பிரிட்ஜ் சுமாராக ஆடுவார், ஆனால் நன்றாகத் தோற்பார், அதுவே பெரிய குணம். சனிக்கிழமைகளில் இங்கே வந்து ஆடச் சொல்லியிருக்கிறேன். முதல் நாளே சட்டத்தைச் சொல்லிவிட்டேன், விரலை எடுத்தால்தான் ஆட்டம் என்று. "அப்படியெல்லாம் உண்டாம்மா?" என்றார். "எங்க வீட்டு வழக்கம்" என்றேன். இந்தத் தடவை பொய் இல்லை.

நாலாவது நாற்காலி காலியாக இருக்கிறது. நீ வரும் வரைக்கும் அதில் துவைத்த துணிதான் உட்கார்ந்திருக்கிறது.

செப்டம்பர் போட்டிக்கு நம் இரண்டு பேர் பெயரையும் கொடுக்கப் போகிறேன். சீட்டு நிறுத்தும் கட்டை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன், தாராளமாக என்றார்கள். ஆனால் ஒன்று இருக்கிறது. கட்டை வைத்தாலும் சீட்டு விழும். தொப்பிக்காரர் கையைத் தூக்குவார். நடுவர் வருவார், என் பக்கம் திரும்புவார், பட்டதா என்று கேட்பார். நான் பொய் சொல்ல மாட்டேன், உனக்கே தெரியும். பட்டது என்பேன். அத்தோடு நிறுத்தாமல், "அவ போடலை, விழுந்துச்சு, அவளுக்குக் கை நடுங்கும்" என்று சொல்வேன். கணீரென்று, பக்கத்து நான்கு மேஜைக்கும் கேட்கும்படி.

சொல்லலாமா? நீ வேண்டாம் என்றால் வாயைத் திறக்க மாட்டேன், பெயரும் கொடுக்க மாட்டேன், சனிக்கிழமை வீட்டிலேயே ஆடிக்கொள்ளலாம். உன் இஷ்டம். இதை மட்டும் எழுது.

அண்ணி

*

ஏப்ரல் 21

அண்ணி,

கை நடுங்குவதால் இனி நான் சிகிச்சை செய்வதில்லை என்று நேற்றுக் கிளினிக் கதவில் அறிவிப்பு ஒட்டிவிட்டேன். நானே எழுதினேன், பேனாவில். தொப்பிக்காரர்தான் முதலில் நின்று படித்தார். உள்ளே வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "அன்னைக்கே சொல்லியிருந்தா நான் கையைத் தூக்கியிருக்க மாட்டேனே டாக்டர்" என்றார். தூக்கத்தான் வேண்டும், அதுதான் ஆட்டம் என்று சொல்லி அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறேன். நாற்காலியில் இருக்கும் துணியை எடுத்துவிடுங்கள். எனக்கு டீ பாதி தம்ளர் போதும்.

நடுவர் கேட்டால் சொல்லுங்கள் அண்ணி.